கத்தி வைக்கும் முன் கணக்கு: பிளாஸ்டிக் சர்ஜரி செலவு பற்றி வாசகர் கேள்வி பதில்

அழகு சிகிச்சைக்கும் சீரமைப்பு அறுவை சிகிச்சைக்கும் பணம் புரட்டுவது பற்றி சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. சிகிச்சை ஒன்றாகவே இருந்தாலும், எதற்காகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து யார் பணம் கொடுப்பது என்பது மாறிவிடும். அதனால் பல பதில்கள் மருத்துவக் குறிப்பில் என்ன எழுதப்படுகிறது என்பதையும் பேசுகின்றன.

இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறது, வயிறும் தொங்கிப்போய்விட்டது. இரண்டையும் ஒரே மயக்கத்தில் சரிசெய்துவிடலாம் என்கிறார் சர்ஜன். கணவர் கம்பெனியில் எடுத்துக் கொடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸில் முழுச் செலவையும் வாங்க முடியுமா?
— வாசகி, அம்மாப்பேட்டை

முழுச் செலவும் வராது. குடலிறக்கத்துக்கான பங்கு வரும். தொங்கும் தோலை வெட்டி வயிற்றை இறுக்கும் பங்கு உங்கள் கையிலிருந்துதான்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குகளில் எட்டாவது, தோற்றத்தை மாற்றும் சிகிச்சை பற்றியது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான சீரமைப்பு என்றாலோ, உடலுக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று கொடுத்தாலோதான் பணம் தருவார்கள். பிரசவத்துக்குப் பின் தொங்கும் வயிறு இதில் சேராது. வயிற்றுத் தசை நடுவில் விலகியிருப்பதும், குடலிறக்கம் இல்லாத பட்சத்தில், பெரும்பாலும் அழகுக் கணக்கில்தான் போகும்.

ஒரே நாளில் இரண்டையும் செய்துகொள்வதில் தவறில்லை. காகிதம் மட்டும் இரண்டாகப் பிரிய வேண்டும். மருத்துவமனையில் இரண்டு மதிப்பீடு கேளுங்கள். முதலாவதில் குடலிறக்க அறுவை, ஓட்டையை மூட வைக்கும் வலை, அதற்கான தியேட்டர் நேரம், மயக்க மருத்துவர், அதற்கு வழக்கமாகத் தேவைப்படும் நாட்களின் அறை வாடகை. இரண்டாவதில் கூடுதல் தியேட்டர் நேரம், பிளாஸ்டிக் சர்ஜன் கட்டணம், கூடுதலாகத் தங்கும் நாட்கள், வயிற்றுப் பட்டை. கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) அனுமதிக்கு முதலாவதை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ஓட்டை எத்தனை சென்டிமீட்டர் என்று அளவு இருக்க வேண்டும். "வயிற்றை இறுக்கும்போது குடலிறக்கமும் சரிசெய்யப்பட்டது" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி வந்துவிட்டால் மொத்த கிளெய்மும் ஆட்டம் காணும். உண்மையில் எது முதன்மையான நோயோ அது முதலில் எழுதப்பட வேண்டும்.

தனிநபர் பாலிசிகளில் குடலிறக்கத்துக்குப் பொதுவாக 24 மாதக் காத்திருப்பு உண்டு, பாலிசி எடுத்து அத்தனை மாதம் ஆகும்வரை அதற்குப் பணம் வராது. கம்பெனி குழுக் காப்பீட்டில் பல நேரம் அது தளர்த்தப்பட்டிருக்கும். கணவர் அலுவலகத்தின் ஹெச்.ஆர். பிரிவில் கேட்டால் தெரிந்துவிடும். அறை வாடகையையும் கவனியுங்கள். நாளுக்கு 4,000 ரூபாய் அறைக்குத்தான் உரிமை என்றிருக்க, 8,000 ரூபாய் அறையில் தங்கினால், பல பாலிசிகளில் அறை வாடகை மட்டுமல்ல, சர்ஜன் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகிவிடும். பணத்தை இழப்பவர்களில் நிறைய பேர் இழப்பது இந்த இடத்தில்தான்.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 முதல் விதி. நியாயமான பங்கையும் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்; 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள்.

வயிற்றை இறுக்கிய பிறகு சுமார் ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது. வீட்டில் தறி ஓடுகிறதென்றால் அந்த ஆறு வாரக் கூலியும் செலவுக் கணக்கில் ஏற வேண்டும். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இப்போது குடலிறக்கத்தை மட்டும் முடித்துக்கொள்ளுங்கள். மறுபடி வயிறு விரிந்தால் அழகுக்குக் கொடுத்த பணம் வீண்.

வெள்ளிப் பட்டறையில் உருக்கும்போது வலது கையும் கழுத்தும் வெந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு விரல் மடங்கியபடியே ஒட்டிக்கொண்டது. தனியார் மருத்துவமனையில் 1,80,000 ரூபாயும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடன் வாங்காமல் வழி உண்டா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

உண்டு. முதலில் அந்த 32,400 ரூபாய் ஜி.எஸ்.டி.யை அடியுங்கள். மருத்துவச் சேவைக்கு உள்ள வரிவிலக்கு முடி நடுதல், அழகு அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி ஆகியவற்றுக்குக் கிடையாது என்பது சரிதான். ஆனால் பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் இவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பையோ அதன் இயக்கத்தையோ மீட்கச் செய்யும் அறுவைக்கு அந்த விலக்கு தொடர்கிறது. தீக்காயத்தால் ஒட்டிய விரலைப் பிரிப்பது இதற்குள் வரும். பில்லிங் பகுதியில் "பிளாஸ்டிக் சர்ஜரி" என்று கணினியில் தட்டியதும் வரி தானாக விழுவதுண்டு. காயத்துக்குப் பிந்தைய சீரமைப்பு என்று சர்ஜன் எழுதித் தந்தால் எடுத்துவிடுவார்கள்.

பட்டறையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து பிடித்தமும் இருந்தால், இது வேலையில் நேர்ந்த காயம், சேலம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலிருந்து பரிந்துரை வாங்கிச் செல்லலாம். பிடித்தம் இல்லாவிட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அட்டை கையில் வந்ததும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி புறநோயாளிப் பிரிவில் காட்டுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் அங்கே சிகிச்சை உண்டு. அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் போகலாம். எங்கே போனாலும் அனுமதி முதலில், அறுவை பிறகு. முன்பணம் கட்டி அறுவை முடித்துவிட்டு அட்டையை நீட்டினால் பணம் திரும்ப வராது. அனுமதிக்குப் போகும் குறிப்பில் "தழும்பு அசிங்கமாக இருக்கிறது" என்று எழுதிப் பயனில்லை. எந்த மூட்டு, எத்தனை டிகிரி நீட்ட முடியவில்லை, எந்த வேலை செய்ய முடியவில்லை என்று அளவோடு இருக்க வேண்டும். படம் இரண்டு எடுங்கள்: கையை முழுக்க நீட்ட முயலும்போது ஒன்று, மடக்கும்போது ஒன்று.

கையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பது அவசியம், அது அறுவைக்குப் பின்னால் தேவைப்படும். விரலைப் பிரித்த இடத்தில் வைக்கும் ஒட்டுத் தோல் சுருங்கும் சுபாவம் கொண்டது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை இரவில் ஸ்பிளின்ட் (விரலை நீட்டியபடி பிடித்து வைக்கும் தாங்கி), பகலில் அழுத்த உறை, தினமும் பிசியோதெரபி என்று விடாமல் இருந்தால்தான் விரித்த விரல் விரிந்தபடி நிற்கும். அழுத்த உறை அளவெடுத்துத் தைப்பது. நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டியிருப்பதால் மாற்றுக்கு ஒன்று வேண்டும், தளர்ந்ததும் புதிது வேண்டும். இதை வாங்கக் காசில்லாமல் விட்டு, விரல் மறுபடி மடங்கி, இரண்டாம் அறுவைக்கு வருபவர்கள் உண்டு.

மார்பகம் பெண்களைப் போல் இருக்கிறது. வயது 19. சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்காது என்கிறார்கள். "கட்டி" என்று எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்கலாமா?
— வாசகர், ஓமலூர்

கேட்காதீர்கள், தம்பி. எடுத்த திசு நோய்க்குறியியல் பரிசோதனைக்குப் போகும். அறிக்கை உண்மையைச் சொல்லிவிடும். பொய்க் கிளெய்ம் என்று நிரூபணமானால் பாலிசியே ரத்தாகும், குடும்பத்தில் எல்லாருக்கும் சேர்த்து.

உங்கள் வயதில் செலவில்லாத வழி இன்னும் பாக்கி இருக்கிறது. பருவ வயதில் வரும் வீக்கம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானாக வடிந்துவிடும். எடை அதிகம் என்றால் முதலில் அதைக் குறையுங்கள். ஜிம்மில் கொடுத்த மருந்து எதையாவது எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அது காரணமாக இருக்கலாம். ஹார்மோன் சோதனையும் அல்ட்ராசவுண்டும் முடிந்த பிறகு அறுவையைப் பற்றி யோசிக்கலாம்.

நாகலூரில் எஸ்டேட் வேலை செய்கிறோம். ஒரு மாதக் குழந்தைக்கு மேல் உதடு பிளந்திருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் லட்சக்கணக்கில் ஆகும் என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, ஏற்காடு

இதற்கு நீங்கள் ஒரு ரூபாயும் கடன் வாங்க வேண்டாம், அம்மா. பிறவிக் குறைகளைப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வந்து பார்க்கும் மருத்துவக் குழுவின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் (வாயின் மேல்கூரை பிளந்திருப்பது) இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் சேலத்தில் உள்ள மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஸ்மைல் ட்ரெயின் அமைப்பு தன்னோடு இணைந்த மருத்துவமனைகள் மூலம் இந்த அறுவையை முழு இலவசமாகச் செய்கிறது. அந்தத் திட்டத்தில் இருக்கும் மருத்துவமனை எது என்று பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் கேளுங்கள்.

உதட்டை வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தைப்பார்கள். அதற்கு எடை சுமார் நாலரை முதல் ஐந்து கிலோவும், ஹீமோகுளோபின் 10-ம் இருக்க வேண்டும். இப்போது உங்கள் வேலை எடை ஏற்றுவதுதான். உறிஞ்ச முடியாவிட்டால் பால் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நடுவில் ஏப்பம் விடவையுங்கள். அண்ணமும் பிளந்திருந்தால் 9 முதல் 18 மாதத்துக்குள் இன்னொரு அறுவை, பிறகு பேச்சுப் பயிற்சி. சளி, காய்ச்சலோடு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் அறுவையைத் தள்ளிவைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிளம்பும் முன் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

முடி நடுவதற்கு ஐந்து ரோடு பக்கம் ஒரு கிளினிக்கில் "வட்டியில்லா தவணை" என்கிறார்கள். இன்று பதிவு செய்தால் தள்ளுபடியாம். நம்பலாமா?
— வாசகர், சூரமங்கலம்

இன்று பதிவு செய்தால் மட்டும் என்று சொல்லும் இடத்தில் இன்று பதிவு செய்யாதீர்கள்.

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று இல்லை. வட்டியை யாரோ கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள், வித்தியாசம் தெரியும். கிளினிக்கில் உட்கார்ந்தபடியே போனில் ஓ.டி.பி. வாங்கி முடிக்கும் கடனை, கிளினிக் தருவதில்லை. ஒரு நிதி நிறுவனம் தருகிறது. ஒப்பந்தம் இரண்டு என்பதை மறக்கக் கூடாது. கிளினிக் பாதியில் பூட்டிக்கொண்டு போனாலும், மூன்று அமர்வில் ஒன்றுதான் நடந்திருந்தாலும், தவணை மாதா மாதம் போய்க்கொண்டேதான் இருக்கும். நிறுத்தினால், நீங்கள் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அடிவாங்கும்.

கையெழுத்துக்கு முன் "முக்கிய விவர அறிக்கை" கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் இதைத் தந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதில் ஆண்டுச் சதவீத விகிதம் என்ற ஒரு எண் இருக்கும். செயல்பாட்டுக் கட்டணம் உட்பட எல்லாம் அதில் அடங்கும். அந்த எண்ணை மட்டும் வைத்துக் கடன்களை ஒப்பிடுங்கள். "12 சதவீதம் ஃபிளாட்" என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். 1 லட்சத்துக்கு 24 மாதம் என்றால் வட்டி 24,000, மாதத் தவணை 5,167. நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், உண்மையான விகிதம் 21.5 சதவீதத்துக்கு மேல் நிற்கும். டிஜிட்டல் கடனை எடுத்த பிறகு குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள், அபராதமில்லாமல் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி வெளியேறும் உரிமை உண்டு. அறிக்கையில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும்.

முடி நடுதலுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டாயம் உண்டு. சொன்ன விலையில் அது அடங்கியதா என்று கேளுங்கள். ஒரு கிராஃப்டுக்கு (எடுத்து நடும் வேர்க்கொத்து) விலை சொல்கிறார்களா, ஒரு முடிக்கா என்பதும் முக்கியம். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நாலு முடி வரை இருக்கலாம். ஊசி போடுவது, துளையிடுவது யார் என்று கேட்டு, அவருடைய தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சிகிச்சையைப் பயிலரங்கில் பார்த்தோ யூடியூபில் பார்த்தோ கற்றுச் செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவுறுத்தியிருக்கிறது. மருத்துவமனைப் பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்க வேண்டும்.

இரண்டு லட்சம் தேவை. மூக்கு அறுவை, முழுக்க அழகுக்காகத்தான். நகையை வைப்பதா, பர்சனல் லோனா, ஏலச்சீட்டை எடுப்பதா?
— வாசகி, ஆத்தூர்

நகை இருந்தால் நகைதான். ஆனால் முழுத் தொகையும் கடனாக வேண்டாம்; அவசரமில்லாத அறுவைக்கு அவசரக் கடன் பொருந்தாது.

2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரையும், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கும் மேல் 75 சதவீதமும் தரலாம். ஆண்டு முடிவில் மொத்தமாக வட்டியோடு திருப்பும் வகையில் எடுத்தால், திருப்ப வேண்டிய தொகை முழுதும் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அதனால் கையில் வருவது எதிர்பார்த்ததைவிடக் குறையும். அந்த வகைக்கு 12 மாதம்தான் அதிகபட்சம். கல், அரக்கு எடை கழியும். எடை போடும்போது நீங்கள் உடன் இருங்கள். மொத்த எடை, கழித்த எடை, நிகர எடை மூன்றும் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். கடனை முடித்து ஏழு வேலை நாளில் நகை வராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.

எண்ணில் பார்த்தால், 2 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில் நகைக்கடன் வைத்து மாதாமாதம் வட்டி கட்டினால் ஆண்டுக்கு 20,000. பர்சனல் லோன் 16 சதவீதம், 24 மாதம் என்றால் தவணை சுமார் 9,793. மொத்த வட்டி 35,000 சொச்சம். 2 சதவீதச் செயல்பாட்டுக் கட்டணமும் அதன் ஜி.எஸ்.டி.யும் 4,720 ரூபாய் முன்பே பிடித்துக்கொள்வார்கள். நகைக்கடனில் இருக்கும் கண்ணி வேறு: வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே போய் அசல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு தொகை அசலில் போகும்படி செய்யுங்கள்.

ஏலச்சீட்டு, இருபது பேர், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். நாலாம் மாதம் 25,000 தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 75,000. மீதி 16 மாதமும் கட்ட வேண்டும், மற்றவர்கள் தள்ளி எடுப்பதில் உங்கள் பங்குக்கு வரும் கழிவு போக. எடுக்கும்போது ஜாமீன் கேட்பார்கள். அரசு ஊழியர் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும். கடனாகப் பார்த்தால் விலை அதிகம். கடைசி மாதங்களில் எடுத்தால் சேமிப்பாகப் பரவாயில்லை. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். தெருச் சீட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. மீட்டர் வட்டி, தண்டல் பக்கம் போகவே வேண்டாம். அது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்கு அடி விழுந்த பிறகுதான் உதவும்.

எங்கள் சிபாரிசு: வங்கியில் மாதம் 5,000 வீதம் ஓராண்டு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள், 62,000 சொச்சம் கிடைக்கும். மீதிக்கு நகை. மதிப்பீட்டின் மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்குங்கள், ஏனென்றால் மூக்கு அறுவையில் சிலருக்கு ஓராண்டு கழித்துச் சிறு திருத்தம் தேவைப்படும். அதற்கு சர்ஜன் கட்டணம் உண்டா, தியேட்டர் கட்டணம் மட்டுமா என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். மூக்குத் தண்டு வளைந்து மூச்சடைப்பும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தண்டை நேராக்கும் பகுதிக்குக் காப்பீடு கிடைக்கலாம். அம்மாப்பேட்டை வாசகிக்குச் சொன்ன இரட்டை மதிப்பீட்டு முறை அதற்கும் பொருந்தும்.

லாரி மோதி மகளுக்குக் கன்னத்தில் பெரிய தழும்பு. எட்டு மாதம் கழித்துத்தான் தழும்பைத் திருத்துவோம் என்கிறார் டாக்டர். அதுவரை இழப்பீட்டு வழக்கைத் தள்ளிப்போடலாமா?
— வாசகர், சங்ககிரி

தள்ளாதீர்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுவதே பாதுகாப்பு. மருத்துவர் சொல்வதும் சரி. தழும்பு முதிர ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். இரண்டும் மோதாமல் இருக்க, பிளாஸ்டிக் சர்ஜனிடம் எதிர்காலச் சிகிச்சைச் சான்று வாங்குங்கள்: என்ன அறுவை, எத்தனை முறை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, எப்போது. எதிர்கால மருத்துவச் செலவும் முக உருச்சிதைவும் தனித்தனித் தலைப்பில் கேட்கக்கூடியவை. முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மாதம் ஒரு தடவை ஒரே வெளிச்சத்தில் எடுத்த படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்தால் அதன் மேல் அப்பீல் கிடையாது. திருத்த அறுவைச் செலவு தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

ரொக்கமாகக் கட்டினால் பில் இல்லாமல் 15 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறார்கள். லாபம்தானே?
— வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

ஒரு சிகிச்சைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அபராதம் பணத்தை வாங்கியவருக்கு; வாங்கிய அதே தொகை அபராதம். துண்டுதுண்டாகக் கட்டினாலும் ஒரே சிகிச்சை என்றால் கணக்கு ஒன்றுதான். உங்களுக்கு வரும் நட்டம் வேறு. ஏதாவது தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட, பணம் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு; பில் இல்லாதவருக்கு வழக்கை நிலைநிறுத்துவதே பெரும்பாடு. வங்கி வழியாகக் கட்டுங்கள். பதிவுக்கு ஒரு சிறு தொகை, மீதி அறுவை நாளன்று காலையில். பில்லில் சர்ஜன் பெயர், அறுவையின் பெயர், உடலில் பொருத்திய பொருள் எதுவானாலும் அதன் கம்பெனி, வரிசை எண் இருக்கட்டும். பொட்டலத்தில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி பில்லோடு ஒட்டி வையுங்கள்.